நிலத் துறவி நண்டு வளர்ப்புத் தொட்டி

கரீபியக் கடற்கரைகளைச் சேர்ந்த கோனோபிட்டா கிளிப்பியேட்டஸ் போன்ற நிலத் துறவி நண்டுகளை வீட்டில் வளர்ப்பதற்கான இடம். நிலத்தில் வாழ்ந்தாலும் இவை செவுள்களால் சுவாசிப்பவை. செவுள் காய்ந்தால் மூச்சுத்திணறிச் சாகும். ஆகவே கம்பிக்கூண்டு உதவாது. மூடியுள்ள கண்ணாடித் தொட்டியே வேண்டும். ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியும், வெப்பம் 24–29 டிகிரி செல்சியசிலும் இருப்பது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானது அடிமணல். மணலோடு தென்னை நார்க்கழிவைக் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்துக்கு ஈரமாக்கி, குறைந்தது 15 செ.மீ. ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். நண்டு அதனுள் புதைந்துதான் மேலோட்டை உரிக்கிறது. உரித்ததைத் தின்று சுண்ணாம்புச் சத்தை மீட்டுக்கொள்கிறது. வாரக்கணக்கில் வெளிவராவிட்டாலும் தோண்டிப் பார்க்கவே கூடாது. புது ஓடு இறுகாத உடல் நசுங்கிவிடும்.

குளோரின் நீக்கிய நன்னீரும் கடலுப்பு கரைத்த நீரும் தனித்தனிக் கிண்ணங்களில் தேவை. வளர வளர, குடியிருக்கும் சங்கை மாற்றிக்கொள்ளச் சற்றே பெரிய காலிச் சங்குகள் கிடக்கட்டும். சாயம் பூசியவை வேண்டாம்: உரியும் சாயத்தை நண்டு தின்றுவிடும்.