இல்லாத புலமும் வெற்றுப் புலமும்

1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழியை வடிவமைத்தபோது கணினி அறிவியலாளர் டோனி ஹோர் அதில் 'நல்' என்ற வெற்றுச் சுட்டைச் சேர்த்தார். செய்வது எளிது என்பதே காரணம். 2009-இல் அதைத் தம் நூறு கோடி டாலர் பிழை என்று அவரே சொன்னார். கைபேசிச் செயலிகள் பட்டென்று மூடிக்கொள்வதற்கும் அந்தச் சுட்டின் மேலேயே பழி சுமத்துவது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. 2000-களின் தொடக்கத்தில் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் பரப்பிய, தரவைப் பரிமாறுவதற்கான ஜேசன் வடிவம் இரண்டு நிலைகளைத் தெளிவாகப் பிரிக்கிறது: புலமே வராமலிருப்பது ஒன்று, புலம் வந்து அதில் நல் இருப்பது இன்னொன்று. அந்த வேறுபாட்டைக் குழப்பியவை அதை வாசிக்கும் நூலகங்கள்தாம். ஆண்ட்ராய்டோடு வரும் நூலகத்தில் 'ஆப்ட்ஸ்ட்ரிங்' வழியாகக் கேட்டால், புலம் இல்லாதபோது வெற்றுச் சரம் கிடைக்கும். நல் இருந்தாலோ அந்தச் சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துகளே சரமாக வந்து, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் திரையில் நிற்கும்.

2014-இல் வந்த ஸ்விஃப்ட் மொழியும் 2016-இல் முதல் நிலையான பதிப்பு கண்ட கோட்லின் மொழியும் வெறுமையை வகையிலேயே எழுதவைத்தனவே, பிறகென்ன சிக்கல் என்று கேட்கலாம். மொழியின் காவல் வெளியிலிருந்து வரும் தரவுவரை எப்போதும் எட்டுவதில்லை. ஜாவாவுக்காக எழுதப்பட்ட ஜிசான் நூலகம், வெறுமை கூடாது என்று அறிவித்த கோட்லின் புலத்திலும் நல் மதிப்பை வைத்துவிடக்கூடியது. இல்லாத புலம், நல் உள்ள புலம் இரண்டும் திரையில் வெற்றிடம்தானே என்பது அடுத்த மறுப்பு. காட்டுவதற்கு அது போதும். திருத்தி அனுப்பும்போது போதாது. ஜேசன் தரவைத் திருத்துவதற்கென 2014-இல் வெளியான ஆர்எஃப்சி 7396 வகுத்த விதிப்படி, நல் என்றால் அந்தப் புலத்தை நீக்கவேண்டும். புலமே இல்லையென்றால் இருப்பதைத் தொடக்கூடாது. இரண்டையும் ஒன்றாக்கி நல் என்றே அனுப்பும் செயலி, பயனர் தொடாத தொலைபேசி எண்ணை அழித்துவிடும்.