வீடும் சாவடியும்

ஒரு சொல்லின் வரலாறு, அதனை வழங்கிய மக்களின் வாழ்க்கை வரலாறே ஆகும். ஆங்கிலேயர் நாள்தோறும் வழங்கும் ‘ஹோம்’ என்னும் சிறு சொல்லைத் தமிழில் பெயர்க்கப் புகுவோர், அதற்கு ஒரு சொல் போதாமையை உடனே உணர்வர். இடத்திற்கேற்ப இல்லம் என்றும், வீடு என்றும், ஊர் என்றும், தாயகம் என்றும் நான்கு விதமாக அதனைப் பெயர்க்க வேண்டியுள்ளது. கிரேக்க மொழியிலும் இதே நிலைதான். இவ்விரு பழமொழிகளும் அச்சொல்லை எதிர்கொண்ட முறையை ஒப்பிட்டு நோக்கினால், சாவடி என்று பெயர் பூண்ட நம் ஊருக்கும் உரிய உண்மை ஒன்று புலனாகும்.

‘ஹோம்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘ஹாம்’ என வழங்கியது. பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் அது இன்றும் நிற்கிறது. அதன் இனச்சொல்லாகிய ‘ஹைம்ஸ்’, கோத்திய மொழியில் உண்டு. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்னும் ஆயர் கிரேக்க விவிலியத்தைக் கோத்தியத்தில் பெயர்த்தபோது, சிற்றூரைக் குறிக்கும் ‘கோமே’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு இதனையே ஆண்டார். எனவே, இச்சொற்குடும்பத்தில் ஊர் என்னும் பொருள் மிகப் பழையது என்பது தெளிவு. விடுமுறைக்குப் புறப்படும் தமிழன் ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்னாது ‘ஊருக்குப் போகிறேன்’ என்பதும் இப்பழைய பொருளோடு ஒத்துச் செல்கிறது.

கிரேக்கர் பண்டு வழங்கிய சொல் ‘ஓய்கோஸ்’. அது கட்டடத்தை மட்டுமன்றி, அதனுள் வாழும் குடும்பத்தையும் அதன் உடைமையையும் சேர்த்துக் குறித்தது. இல்லத்தை நடத்தும் முறை ‘ஓய்கோநோமியா’ எனப்பட்டது. இன்றைய பொருளாதாரத்திற்கு ஐரோப்பிய மொழிகள் வழங்கும் பெயர் அதிலிருந்தே பிறந்தது. 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் சூழலியலுக்குப் பெயர் சூட்டியபோதும் இவ்வேரையே எடுத்தாண்டார். ஆயினும், இன்றைய கிரேக்கர் அன்றாடப் பேச்சில் தம் வீட்டை ‘ஸ்பிட்டி’ என்கின்றனர். இதன் மூலம், விருந்தினர் தங்கும் இடத்தைக் குறித்த ‘ஹோஸ்பிட்டியம்’ என்னும் இலத்தீன் சொல்லாகும். வழிப்போக்கர் விடுதிக்குரிய பெயர், காலப்போக்கில் கிரேக்கரின் சொந்த வீட்டுக்கே பெயராயிற்று!

இத்தகைய மாற்றம் தமிழிலும் நிகழ்ந்துள்ளது. இல், மனை, அகம், குடி என்பன பழைய சொற்கள். வள்ளுவர் இல்லறத்தைக் கூறும் அதிகாரத்திற்கு ‘இல்வாழ்க்கை’ என்றே பெயரிட்டார். சங்கப் பாடல்களில் வளமான மாளிகையைக் குறித்த ‘நகர்’ என்னும் சொல், பின்னர்ப் பட்டினத்தின் பெயராக விரிந்தது. இன்று நாம் மிகுதியாக வழங்கும் ‘வீடு’ என்பதோ, படு என்பது பாடு ஆவதும் சுடு என்பது சூடு ஆவதும் போல, ‘விடு’ என்னும் வினையடி நீண்டு அமைந்த பெயராகும். பற்று விடுதலாகிய வீடுபேற்றை உணர்த்தும் சொல்லும் அதுவே. படை தங்கும் இடம் படைவீடு எனப்பட்டது. பயணி தங்கும் இடம் விடுதி எனப்பட்டது. ஆகவே, வீட்டின் பெயருக்குள்ளேயே வழிநடையும் சுமை இறக்கிய ஓய்வும் அடங்கியுள்ளன எனலாம்.

விவிலிய மொழிபெயர்ப்பு இதற்கு மற்றொரு சான்று தருகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். அதன் அச்சுப்பணி 1715இல் நிறைவுற்றது. யோவான் நற்செய்தி தந்தையின் வீட்டிலுள்ள இருப்பிடங்களை ‘மொனாய்’ என்கிறது. தங்குதல் என்னும் வினையடியிற் பிறந்த சொல் இது. இலத்தீனில் இதற்கு நேராக வைத்த ‘மான்சியோ’ என்பது, உரோமப் பெருவழிகளில் இருந்த தங்குமிடங்களுக்கும் பெயராகும். பிற்காலத் தமிழ் விவிலியம் ‘வாசஸ்தலம்’ என்றது. வீட்டின் அயலில் குடியிருப்பவன் என்னும் பொருள்பட அமைந்த ‘பரோய்கோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லோ, தமிழில் ‘பரதேசி’ எனவும் பெயர்க்கப்பட்டது. தங்குபவனுக்கும் உரிமையுடையவனுக்கும் இடையே உள்ள தொலைவை இவ்வொரு சொல் காட்டிவிடுகிறது.

அத்தொலைவை நம் நாடும் நன்கறியும். இங்கு ஆண்டுகள் பல வாழ்ந்த ஆங்கிலேய அலுவலர்கள், ‘ஹோம்’ என்று குறித்தது இங்கிலாந்தையே. இந்திய வருவாயிலிருந்து இலண்டனில் செலவிடப்பட்ட தொகைக்கு ‘ஹோம் சார்ஜஸ்’ என்றே பெயர். இவ்வாறு செல்வம் வெளியேறுவதைத் தாதாபாய் நவுரோஜி 1901இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் கண்டித்தார். 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் ‘ஹோம் ரூல்’ இயக்கம் தொடங்கியபோது, அச்சொல் நம் பக்கம் திரும்பியது. தாம் வாழும் மண்ணைத் தம் வீடாகக் கருதாதவர் அதனைத் தங்குமிடமாகவே விட்டுச் செல்வர் என்பதே இவ்வரலாறு கூறும் பாடம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சாவடி என்பது வழிப்போக்கர் தங்குதற்கும், ஊரார் கூடிப் பேசுதற்கும் அமைந்த பொது இடம். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் குமணன்சாவடியும் கரையான்சாவடியும் அடுத்தடுத்து நிற்பது, இது பயணிகளின் வழி என்பதை நினைவூட்டுகிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலைகள் பெருகிய பின், பல மாவட்டங்களிலிருந்து மக்கள் இப்பகுதிகளுக்கு வந்து குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் இங்கே பிறந்து, இங்கே பயின்று, இங்கே பணிபுரிகின்றனர். எனினும் ‘சொந்த ஊர் எது?’ என்று வினவினால், பாட்டன் வாழ்ந்த ஊரின் பெயரையே பலரும் கூறுகின்றனர். படிவங்களில் நிலையான முகவரி ஓரிடமாகவும் இருப்பிட முகவரி மற்றோரிடமாகவும் அமைகின்றன. ஏரியும் கால்வாயும் தூர்ந்தால் கேட்பார் குறைவாக இருப்பதற்கு, ‘இது நம் ஊர் அன்று’ என்னும் இவ்வெண்ணமும் ஒரு காரணமன்றோ?

விடுதியின் பெயர் கிரேக்கனுக்கு வீடாயிற்று. விட்டிறங்கிய இடம் தமிழனுக்கு வீடாயிற்று. பிறந்த மண்ணை மறக்க வேண்டுவதில்லை. தங்கிய மண்ணையும் தன் ஊரென ஏற்பதே வேண்டுவது. சாவடிக்குத் தங்குமிடம் என்னும் பொருளோடு, கூடிப் பேசும் மன்றம் என்னும் பொருளும் உண்டு. பத்தாண்டுகளாக நம் இலக்கிய வட்டம் இங்குக் கூடித் தமிழ் பேசி வருவது, அவ்விரண்டாம் பொருளுக்கு உயிரூட்டும் செயலாகும். தங்க வந்தவர் கூடிப் பேசத் தொடங்கும்போது, சாவடி ஊராகிறது.