மாகஸ்தோட்டை மலையும் எஞ்சினின் மூச்சும்



ஏப்ரல் சீசன் நெருங்குகிறது. நம்ம தம்பிமார் மறுபடியும் வீட்டு வாசலிலேயே வாகனத்தின் எயார் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு மாதிரியான திறந்த பில்டரைப் பூட்டத் தொடங்கிவிட்டார்கள். என்னிடம் படித்த இரண்டு பேர் "சேர், பவர் கூடுமா?" என்று கேட்டார்கள். பதிலுக்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. வாத்தியார் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாவில் மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது. இலங்கையின் மோட்டார் போட்டிகளில் மிகப் பழையது அதுதான். துரைமார் காலத்து விளையாட்டு. தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் ஒடுங்கிய பாதை. அந்த வளைவுகளை விடப் பெரிய எதிரி ஒன்று உண்டு, கண்ணுக்குத் தெரியாது: காற்று.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் சுமார் 80 வீதம்தான். குளிர் காற்றுக்கு அடர்த்தி கூட என்பதால் கொஞ்சம் ஈடு கிடைக்கிறது. அப்படியும் கொழும்பில் எஞ்சின் ஒரு தடவை இழுக்கும் காற்றில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இங்கே இல்லை. கொழும்பில் டியூன் செய்த பழைய காபரேட்டர் கார்கள் றம்பொடை ஏறும்போது கரும்புகை கக்கியதற்கும் இதுவே காரணம். காற்று குறைந்த அளவுக்குப் பெற்றோல் குறையவில்லை.

இந்தக் கஷ்டத்துக்கு மருந்து கண்டதும் ஒரு மலையில்தான். 1918 இல் சான்ஃபோர்ட் மொஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லொறியில் ஏற்றி, சுமார் 4300 மீற்றர் உயரமான பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். கடல் மட்டத்தில் 350 குதிரைவலு தந்த எஞ்சின் அங்கே 230 தான் தந்தது. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை உள்ளே அமுக்கும் டர்போவைப் பூட்டினார். 356 வந்தது.

மொஸ் காற்றைத் திணித்தார். திறந்த பில்டர் திணிக்காது, வாயை மட்டும் அகலத் திறக்கும். சத்தம் கூடும், காது அதைப் பவர் என்று நம்பிவிடும். அதைவிட மோசமான விடயம் ஒன்று: கம்பனிப் பெட்டியின் குழாய் பெரும்பாலும் வெளிக் காற்றை இழுக்கிறது. கூம்பு பில்டரோ பொனட்டுக்குள் சூடேறிய காற்றை இழுக்கும். இந்த மலை நமக்குத் தரும் ஒரே சலுகை குளிர். அதையும் காசு கொடுத்து இழக்கிறோம்.

பிறகு தூசு. போட்டிக்காரர் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பார். நம்ம வண்டி நாளைக்குக் காலையில் பள்ளிக்கூட ஹயர் போக வேண்டும். தோட்டத்து ரோட்டுத் தூசு மலிவான பில்டருக்குள்ளால் புகுந்தால் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். அதற்குப் பிறகு ஒயில் புகை, புகைப் பரிசோதனை, கராஜ் பில்.

பூட்டியே தீருவேன் என்கிறவர்கள் பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள், காற்றை வெளியிலிருந்தே எடுங்கள். ஒயில் பூசிய பில்டர் என்றால் ஒயில் அளவோடு இருக்கட்டும். கூடினால் காற்றளக்கும் சென்சரில் படியும். கழற்றிய பழைய பெட்டியை விற்றுவிடாதீர்கள்.