கம்பியின் முனை

மேசைக் கணிப்பொறி ஒன்றின் பக்கத் தகட்டைத் திருப்புளி கொண்டு கழற்றுகிறோம். தாய்ப்பலகையில் வெறுமையாயிருக்கும் ஒரு செருகுவாயில் உள்ளங்கையளவுள்ள மின்சுற்று அட்டையைப் பொருத்தி, ஒரு திருகாணியால் இறுக்கி, சுவரிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பியை அதன் துளையில் செருகுகிறோம். தக்க மென்பொருளும் அமைந்துவிட்டால், அந்தக் கணிப்பொறியே ஓர் அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பகமாகிவிடும். பழகிய கைக்கு இது அரைமணி நேர வேலை. ஆனால் அந்தக் கம்பியின் முனையைச் சந்தாதாரர் தம் கையால் தொடலாம் என்ற உரிமை, இந்த அட்டை பிறந்த அமெரிக்க நாட்டில், இருபது ஆண்டுகள் வழக்காடிப் பெறப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

பெல் குடும்பத்து நிறுவனங்களின் தலைமையாக விளங்கிய ஏ.டி. அண்ட் டி., தான் வழங்காத எந்தக் கருவியையும் தன் கம்பியிலோ தன் தொலைபேசியிலோ இணைக்கக் கூடாது என்று கட்டண விதிகளிலேயே எழுதி வைத்திருந்தது. வீட்டிலுள்ள தொலைபேசியும் நிறுவனத்தின் உடைமைதான். ஊர்க் கிணற்றில் நீர் இறைக்கலாம், ஆனால் வாளியும் கயிறும் கிணற்றுக்காரரிடமே வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு அது.

இந்த விதி எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ‘ஹஷ்-அ-ஃபோன்’ வழக்கே போதும். அது மின்கருவியன்று, தொலைபேசியின் பேசுவாயில் மாட்டப்படும் கிண்ணம் போன்ற ஒரு மூடி. பேசுவது அருகிலிருப்பவர் செவியில் விழாமல் தடுப்பதே அதன் பணி. அதையும் நிறுவனம் தடுத்தது. 1948ஆம் ஆண்டின் இறுதியில் முறையீடு சென்றது. கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் ஏழாண்டுகள் கழித்து நிறுவனத்தின் பக்கமே நின்றது. 1956இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. ஒருவர் தம் கையைக் குவித்துப் பேசுவாயை மறைத்துக்கொண்டால் அதை யாரும் தடுப்பதில்லையே. கை செய்யும் வேலையைக் கிண்ணம் செய்தால் மட்டும் குற்றமா என்று நீதிபதிகள் எண்ணினர். பொதுமக்களுக்குத் தீங்கு இல்லாத வரையில், தமக்குப் பயன்படும் வகையில் தொலைபேசியைக் கையாளச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

அடுத்து வந்தவர் டெக்சாஸ் மாநிலத்துத் தாமஸ் கார்ட்டர். எண்ணெய் வயல்களிலும் பரந்த மேய்ச்சல் நிலங்களிலும் வேலை செய்வோரிடம் இருவழி வானொலி இருந்தது, தொலைபேசி இல்லை. கார்ட்டர் ஒரு தொட்டில் செய்தார். வானொலி நிலையத்தில் இருப்பவர் தொலைபேசியின் கைப்பிடியை அதில் வைத்தால், மறுமுனையில் பேசுபவரின் குரல் வானொலி வழியே வயலுக்குச் செல்லும். வயலின் குரல் திரும்பி வரும். கம்பியோடு எந்த உலோகத் தொடர்பும் கிடையாது. 1959 முதல் 1966 வரை ஏறத்தாழ 3,500 தொட்டில்கள் விற்பனையாயின. இதைப் பயன்படுத்துவது விதிமீறல் என்று நிறுவனம் சந்தாதாரர்களை எச்சரிக்கவே, கார்ட்டர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் ஆணையத்தைக் கேட்டது. 1968ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆணையம் அந்த விதியே செல்லாது என்று தீர்ப்பளித்தது.

நிறுவனத்தின் வாதம் முற்றிலும் பொய் என்று நான் கூறமாட்டேன். ஓய்ந்திருக்கும் தொலைபேசிக் கம்பியில் 48 வோல்ட் அளவில் நேர்மின்னழுத்தம் நிற்கும். மணி அடிக்கையில் ஏறத்தாழ 90 வோல்ட் மாறுமின்னழுத்தம் பாயும். பொறுப்பற்ற ஒருவர் எதையேனும் அதில் மாட்டிவைத்தால் கம்பத்தில் ஏறிய தொழிலாளிக்கும் இணைப்பகத்துக்கும் கேடு நேரலாம். ஆனால் கேட்டைத் தடுக்க ஒரு தரம் வகுத்தால் போதும். கதவையே அடைக்க வேண்டியதில்லை. அந்தத் தரமும் எளிதில் வந்துவிடவில்லை. பிறர் கருவியை இணைப்பதாயின் இடையில் எங்கள் காப்புப் பெட்டியை வாடகைக்கு வையுங்கள் என்று நிறுவனம் கேட்டது. ஆணையம் 1975இல் பதிவு முறையை வகுத்து, அதையும் வழக்குகளில் காத்து நிறுத்திய பின்னரே, தரம் தேறிய எந்தக் கருவியையும் சிறிய பிளாஸ்டிக் செருகி வழியே எவரும் இணைக்கலாம் என்ற நிலை உண்டானது. அட்டையின் விளிம்பில் நாம் காணும் சதுரத் துளை அந்தப் பதிவு முறையின் குழந்தைதான்.

இதற்கிடையில் கணிப்பொறிகளும் தொலைபேசி வழியே பேசத் தொடங்கியிருந்தன. கைப்பிடியை இரு ரப்பர்க் கிண்ணங்களில் பதித்து வைத்து, கணிப்பொறி சீழ்க்கையடிக்க, தொலைபேசி அதைக் கேட்கும். கார்ட்டரின் தொட்டிலுக்கு உறவு முறை! ஜார்ஜியா மாநிலத்தில் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் என்னும் இருவர் 1977இல் அந்த மோடத்தையே கணிப்பொறிக்குள் செருகும் அட்டையாக்கினர். 1979இல் ஆப்பிள்-2 கணிப்பொறிக்கு அவர்கள் விற்ற அட்டையோடு கம்பியைத் தொடும் பணிக்கென்று ஒரு தனிச் சிறு பெட்டியும் இருந்தது. அட்டை கணிப்பொறியின் மொழியைப் பேசும். பெட்டி தொலைபேசிச் சட்டத்தின் மொழியைப் பேசும்.

இனி, என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். 1990களில் மனிதக் குரலைக் கையாளும் அட்டைகள் கிடைத்தன; ஆனால் ஒலியைப் பகுத்தாயும் தனிச் செயலிகள் அவற்றில் பதிந்திருந்ததால் விலை ஆயிரக்கணக்கான டாலர். ஜிம் டிக்சன் என்னும் தொலைபேசிப் பொறியாளர் ஓர் எளிய கணக்குப் போட்டார். தொலைபேசிக் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. சாதாரணக் கணிப்பொறியின் செயலியோ நொடிக்குக் கோடிக்கணக்கான கணக்குகள் செய்கிறது. அப்படியானால் அட்டையில் மூளை எதற்கு? கம்பியையும் கணிப்பொறியையும் இணைக்கும் கையாக அது இருந்தால் போதாதா? அவ்வாறே அவர் செய்த அட்டைக்கு, புயல் எனப் பொருள்படும் ‘டொர்மெண்டா’ என்று ஸ்பானியப் பெயர் சூட்டினார். திட்டத்துக்கு மெக்சிகோவின் உழவர் தலைவர் எமிலியானோ ஜபாட்டாவின் பெயரை வைத்தார். நிலம் உழுபவர்க்கு என்று போரிட்டவர் பெயரைத் தொலைபேசி அட்டைக்கு வைத்தது விளையாட்டன்று. அட்டையின் வரைபடத்தை யாரும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று அவர் வெளியிட்டும் விட்டார்.

அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் 1999இல் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். தொலைபேசி இணைப்பகம் வாங்கப் பணமில்லை; எனவே தாமே மென்பொருளாக ஒன்றை எழுதினார். விசைப்பலகையிலும் தொலைபேசியிலும் உள்ள நட்சத்திரக் குறியின் பெயரால் அது ‘ஆஸ்டரிஸ்க்’ எனப்பட்டது. டிக்சனின் அட்டை லினக்ஸில் இயங்க வழிசெய்தவரும் அவரே. மென்பொருளும் அட்டையும் கூடிய பின், சிறு அலுவலகங்களும் பெரும்பணமின்றிச் சொந்த இணைப்பகம் வைக்க முடிந்தது. அவருடைய நிறுவனம் பின்னாளில் டிஜியம் எனப் பெயர் பெற்று அட்டைகளை விற்றது. 2018இல் சங்கோமா நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஜபாட்டாவின் பெயரால் ‘ஜாப்டெல்’ என வழங்கிய இயக்கி மென்பொருள், அப்பெயரில் வேறொருவருக்கு வணிக உரிமை இருந்ததால், 2008இல் ‘டாடி’ என மாற்றப்பட்டது.

பொருத்துவது எளிது என்றேன். சிக்கல் இல்லாமலும் இல்லை. டிஜியத்தின் நான்கு துளை அட்டையில் சிவப்பு, பச்சை என இருவகைச் சிறு பலகைகளைப் பதிக்கலாம். சிவப்பு, இணைப்பகத்திலிருந்து வரும் கம்பிக்கு. அது தொலைபேசியைப் போல நடந்துகொள்ளும். பச்சை, அறையிலுள்ள தொலைபேசிக்கு. அது இணைப்பகத்தைப் போல நடந்து, மின்னழுத்தம் கொடுத்து, மணியும் அடிக்க வேண்டும். அதற்காகவே வட்டுக்குச் செல்லும் மின்கம்பி ஒன்றை அட்டையிலும் மாட்ட வேண்டியுள்ளது. இதை மறந்தோர் பலர். வெளிக் கம்பியைத் தவறிப் பச்சையில் செருகினால் பலகை கருகக்கூடும். பழைய நிறுவனத்தின் அச்சம் வெறும் கற்பனையன்று என்பது அப்போது விளங்கும். அட்டை நொடிக்கு ஆயிரம் முறை செயலியை அழைக்கிறது. அந்த அழைப்பு வழியை வட்டோ வேறோர் அட்டையோ பங்கிட்டுக்கொண்டால் பேச்சில் வெடிப்பொலி கேட்கும். அட்டையைக் கழற்றி அடுத்த செருகுவாயில் மாட்டிப் பார்ப்பதே முதல் மருந்து.

இன்னொன்றும் உண்டு. பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் இணைப்பகத்தின் மின்கலங்களிலிருந்து அதே கம்பி வழியே வந்தது. ஆகவே ஊர் முழுதும் இருண்டாலும் அது பேசும். அக்கம்பி கணிப்பொறிக்குள் நுழைந்த பின், மின்சாரம் போனால் அறையிலுள்ள தொலைபேசிகளும் மௌனமாகிவிடுகின்றன. அனுபவமுள்ளோர் அதனால்தான் ஒரு பழைய தொலைபேசியை வெளிக் கம்பியிலேயே நேராக மாட்டி, மூலையில் விட்டுவைத்தார்கள்.