தெராயேர்: செயினைத் தடம் மாற்றிய கதை

கியர் சைக்கிளின் பின்சக்கரத்தருகே, இரண்டு குட்டிச் சக்கரங்களோடு ஒரு கருவி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிரெஞ்சுப் பெயர்தான்: தெராயேர். பிரெஞ்சில் 'ராய்' என்றால் தண்டவாளம். 'தெராயே' என்றால் ரயில் தடம் புரள்வது. புத்தி பிசகிப் பேசுகிறவரைக் குறிக்கவும் இதே வினைச்சொல்தான். ஓடிக்கொண்டிருக்கும் செயினை வேண்டுமென்றே தடம் புரள வைத்து, பக்கத்துப் பல்சக்கரத்தில் ஏற்றுவது இக்கருவியின் வேலை. தடம் புரளும் செயின் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் போய் உட்கார வேண்டுமே! அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பிடித்தன.

நம்முடையது சமதரை ஊர். கடற்கரையிலிருந்து எந்தப் பக்கம் மிதித்தாலும் பெரிய ஏற்றம் கிடையாது. அதனால் ஒற்றைப் பல்சக்கரத்தோடு நம் காலம் கழிந்துவிட்டது. பிரான்சின் சேந்த் எத்தியேன் அப்படியல்ல, சுற்றிலும் மலை. துப்பாக்கிக்கும் பட்டு ரிப்பனுக்கும் பெயர் போன அந்தத் தொழில் நகரம், பிறகு சைக்கிளுக்கும் பெயர் பெற்றது. அங்கே பட்டு வியாபாரம் செய்துவந்த போல் த விவி என்பவர் 1887-இல் சைக்கிள் பத்திரிகை ஒன்று தொடங்கினார். 'வெலோசியோ' என்பது அவர் புனைபெயர். மரக்கறி உணவுக்காரர், நெடுந்தூரம் மிதிப்பதில் தளராதவர்.

அவருடைய வாதம் எளிமையானது. மனிதனின் காலுக்கு ஒரு வசதியான வேகம் உண்டு. ஏற்றமோ இறக்கமோ, கால் அதே வேகத்தில் சுழல வேண்டும். மாற வேண்டியது சக்கரத்தின் விகிதம். தொடக்கத்தில் அவரே சைக்கிளை நிறுத்தி, இறங்கி, கையால் செயினை மாற்றிப் பார்த்தார். அந்த ஊர்த் தொழிற்சாலையின் 'இரோந்தேல்' சைக்கிளில் இன்னொரு வேடிக்கையான வழி வந்தது. இரோந்தேல் என்றால் தகைவிலான் குருவி. அதன் ஒரு மாதிரியில், முன்னோக்கி மிதித்தால் ஒரு கியர். பின்னோக்கி மிதித்தால் வண்டி முன்னேதான் போகும், ஆனால் மலையேறத் தோதான இன்னொரு கியரில். செயினைத் தடம் புரள விடாமல் கியரை மாற்ற இப்படியெல்லாம் பாடுபட்டார்கள்.

இதற்கு நேர் எதிரே நின்றவர் ஆன்றி தெகிராஞ்ச். 1903-இல் 'தூர் த பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகை ஆசிரியர். கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான், வீரன் தன் தசை வலிமையால் வெல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. முதல் தூர் பந்தயத்திலேயே வீரர்கள் ஏறிய கணவாய், வெலோசியோ வழக்கமாக மிதித்த ரெபுப்லிக் கணவாய்தான். உயரம் 1,161 மீட்டர். அதையும் கியர் இல்லாமல் ஏறினார்கள்.

பிற்காலத்தில் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பல்சக்கரம் வைத்துக்கொண்டார்கள். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் போட்டு, மறுபடி ஏறிப் போவார்கள். உச்சிக்குப் போனதும் மறுபடி அதே வேலை. குளிரில் விறைத்த விரல்களால் நட்டைத் திருக முடியாமல் தவித்த இத்தாலிய வீரர் துலியோ கம்பக்னோலோதான், பிறகு ஒரே நெம்புகோலால் சக்கரத்தைக் கழற்றும் முறையைக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள்.

தெகிராஞ்சின் பிடிவாதத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்நாளைய கியர்க் கருவிகள் நம்பத்தக்கவையாக இல்லை. செயின் நழுவும், சிக்கும், சேறு பட்டால் நின்றுவிடும். பந்தயத்தில் முக்கியமான நேரத்தில் கைவிடும் கருவியை எந்த வீரன் விரும்புவான்? தீர்வு தேடியவர்களில் முக்கியமானவர் திழோன் நகரத்து லுசியேன் ழுய். 1928-இல் 'செம்ப்ளெக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1936-இல் தெகிராஞ்ச் உடல்நலம் குன்றி ஒதுங்க, ழாக் கொதே பொறுப்பேற்றார். 1937-இல் தெராயேருக்கு அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு வென்ற ரொழே லாப்பெபியின் சைக்கிளில் அது இருந்தது. வெலோசியோ அதைப் பார்க்கவில்லை. 1930-இல் டிராம் விபத்தில் இறந்துவிட்டார்.

அனுமதி வந்ததும் கோளாறு தீர்ந்துவிடவில்லை. 1948-இல் ழீனோ பார்த்தாலி வென்ற சைக்கிளில், பின்பக்கமாகக் கையை நீட்டி ஒரு கம்பியால் சக்கரத்தைத் தளர்த்தி, பின்னோக்கி மிதித்துக்கொண்டே இன்னொரு கம்பியால் செயினை நகர்த்த வேண்டும். வண்டி ஓடும்போதே! பிறகு கேபிள் இழுக்கும் கருவிகள் சீர்ப்பட்டன. ஆனாலும் நெம்புகோலை எவ்வளவு தள்ளுவது என்பது ஓட்டுபவர் காதில்தான் இருந்தது. கடகட சத்தம் அடங்கும்வரை கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. பழகியவருக்கு சங்கீதம், புதியவருக்குத் தலைவலி.

இதை மாற்றியவர்கள் ஜப்பானியர். 1964-இல் சன்டூர் நிறுவனம், கருவியின் நடுப்பகுதியைச் சாய்வாக அமைத்தது. எந்தப் பல்சக்கரத்துக்குப் போனாலும் செயினுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். அந்தக் காப்புரிமை காலாவதியான 1984-இல், ஷிமானோ நிறுவனம் அதே சாய்வு அமைப்போடு 'கிளிக்' நெம்புகோலையும் சேர்த்தது. ஒரு கிளிக்குக்கு ஒரு பல்சக்கரம். காதிலிருந்த கணக்கு இயந்திரத்துக்குள் போய்விட்டது.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு கிளிக்கும் கேபிளை அளந்து இழுக்கிறது. கேபிள் சற்றுத் தொய்ந்தால் எல்லாக் கணக்கும் பிசகும். புதுச் சைக்கிள் ஓரிரு மாதத்தில் தகராறு செய்வது பெரும்பாலும் இதனால்தான். கேபிளும் அதன் உறையும் இறுகிப் படிகின்றன. என் பேரனின் சைக்கிள் இப்படித்தான் கடகடத்தது. புதுக் கருவியே மாற்ற வேண்டும் என்றார்கள் ஒரு கடையில். அரைச் சுற்றுத் திருகியதில் சரியாகிவிட்டது.

பேரப்பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பின் கருவிக்குள் கேபிள் நுழையுமிடத்தில், விரலால் திருகக்கூடிய ஓர் உருளைத் திருகு இருக்கும். சில வண்டிகளில் நெம்புகோல் அருகே இருக்கும். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தொய்ந்திருக்கிறது. திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாக வெளியே திருப்புங்கள். சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் உள்ளே திருப்புங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, கையால் பெடலைச் சுற்றியபடி பார்க்க வேண்டும். பக்கத்தில் உள்ள 'எச்', 'எல்' எழுத்துப் போட்ட இரண்டு சிறு ஆணிகளைத் தொடாதீர்கள். செயின் ஓரத்தைத் தாண்டிச் சக்கரக் கம்பிகளுக்குள் விழாமல் தடுப்பவை அவை. இவ்வளவுக்கும் சரியாகாவிட்டால், ஒன்று கருவி தொங்கும் கொக்கி வளைந்திருக்கும், அல்லது உறைக்குள் கேபிள் துருப்பிடித்திருக்கும். நம் கடற்காற்றுக்குத் துரு புதிதல்ல. கேபிளையும் உறையையும் மாற்றிவிடுவது நல்லது.

தெகிராஞ்ச் 45 வயது என்று சொன்னது ஏளனமாகத்தான். வெலோசியோவோ, வயதானவர்களும் மலையேற வேண்டும் என்பதற்காகவே கியரைக் கேட்டார். இன்று தூர் பந்தயத்தில் ஓடும் இருபது வயதுப் பிள்ளைகளும் கியரோடுதான் ஓடுகிறார்கள், அவர்களை யாரும் கிழவர்கள் என்பதில்லை. முழங்கால் வலிக்கிறது, இனிச் சைக்கிள் எதற்கு என்று ஓரங்கட்டி வைத்திருக்கும் நண்பர்கள், ஒரு கியர் வண்டியை வாங்கி நம் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் மிதித்துப் பாருங்கள். சிறிய கியரில் போங்கள்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.