ராசி தெரியும்... லக்னம் தெரியுமா? ஜாதக கட்டத்தில் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது?

"உங்க ராசி என்ன?" என்று கேட்டால் பலரும் டக்கென்று சொல்லிவிடுவார்கள். "லக்னம்?" என்றால் அம்மாவுக்கு போன் போட வேண்டியதுதான். ஆனால் ‘நான் எப்படிப்பட்ட ஆள்?’ என்ற கேள்விக்கு ஜோதிடர்கள் முதலில் பார்ப்பது லக்னத்தைத்தான்.

ஜாதக கட்டம் என்றால் என்ன?

நீங்கள் பிறந்த நேரத்தில், பிறந்த ஊரிலிருந்து கணக்கிட்டால் எந்த கிரகம் எந்த ராசியில் இருந்தது என்று காட்டும் வரைபடம் அது. சந்திரன் நின்ற கட்டம் உங்கள் ராசி. அப்போது கிழக்கு அடிவானத்தில் உதித்துக்கொண்டிருந்த ராசி, லக்னம். கட்டத்தில் ‘ல’ என்று போட்டிருப்பார்கள். அதை 1 என்று வைத்து எண்ண வேண்டும். 1-ம் இடம் உடலும் குணமும், 4 அம்மா, வீடு, படிப்பு, 7 வாழ்க்கைத்துணை, 10 தொழில்.

சந்திரன் ஒரு ராசியில் சுமார் இரண்டேகால் நாள் இருக்கும். லக்னமோ ஏறக்குறைய 2 மணி நேரத்தில் மாறிவிடும். ஒரே ஆஸ்பத்திரியில் காலையிலும் மாலையிலும் பிறந்த குழந்தைகளுக்கு பெரும்பாலும் ராசி ஒன்றாகவே இருக்கும், லக்னம் வேறு. நவாம்ச லக்னம் இன்னும் வேகம், சுமார் 13 நிமிடம்தான். பிறந்த நேரத்தை ‘ஒரு பத்தரை இருக்கும்’ என்று குத்துமதிப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாங்கமும் ஒன்றல்ல. 2025 மார்ச் 29-ல் சனி மீனத்துக்குப் போனதாக திருக்கணிதம் சொன்னது. வாக்கியப்படி அது 2026-ல்தான்.

அப்படியே என்னைப் பற்றி சொன்ன மாதிரி இருக்கே?

அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-ல் தன் மாணவர்களுக்கு ஒரு குணநல டெஸ்ட் வைத்தார். பிறகு ‘இது உங்களுக்கான ரிசல்ட்’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. ஆனால் எல்லோர் தாளிலும் இருந்தது ஒரே வாசகம்! பெரும்பகுதி கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

கிரகங்கள் குணத்தைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அதற்காக கட்டத்தைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டியதில்லை. அம்மாவோடு எப்படி, வேலையில் எப்படி, துணையிடம் என்ன எதிர்பார்க்கிறேன் என்று நாம் சாதாரணமாக உட்கார்ந்து யோசிப்பதே இல்லை. அந்தக் கேள்விகள் 12 கட்டத்திலும் வரிசையாக இருக்கின்றன.

ஆனால் கேள்வியாக இருக்கும் வரைதான் அது உதவும். "4-ம் இடம் சரியில்ல, இவனுக்கு படிப்பு ஏறாது" என்று பத்து வயதில் காதில் விழும் பேச்சு, மார்க் ஷீட்டை விட ஆழமாகப் பதியும். பிள்ளையின் ஜாதகத்தைப் பார்க்கிறீர்கள் என்றால் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

உங்கள் ஜாதகம் என்றால், ஜோதிடரிடம் போகும் முன் 1, 4, 7, 10 ஆகிய இடங்களுக்கு உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அவர் சொல்வதை அதோடு ஒப்பிடுங்கள். பொருந்தாத இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். பொருந்தும் வரியை நண்பரிடம் படித்துக் காட்டுங்கள். "அட, எனக்கும் இதேதான்" என்று அவரும் சொன்னால் அந்த வரியை அடித்துவிடலாம்.