மின்வாகன மின்னேற்றல்: கல்முனைக் கரையோரம்

மின்வாகனங்களின் பற்றரிக்கு மின்னேற்றும் பொது வசதி இலங்கையில் கொழும்பையும் மேல் மாகாணத்தையும் சுற்றியே முதலில் பரவியது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என ஏ4 நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இதன் வரலாறு பொறியியலைவிட இறக்குமதி வரியோடும் பெற்றோல் வரிசையோடும்தான் கூடுதலாகப் பிணைந்திருக்கிறது.

2010இல் உலகச் சந்தைக்கு வந்த நிசான் லீஃப், வரிச்சலுகை இருந்த 2015ஐ ஒட்டிய காலத்தில் ஜப்பானில் ஓடிய காராக ஆயிரக்கணக்கில் இலங்கையில் இறங்கியது. அதன் 24 கிலோவாட் மணி பற்றரி புதிதாக இருந்தபோதே, அமெரிக்கச் சோதனைக் கணக்கில் சுமார் 117 கிலோமீற்றர்தான் ஓடும். திரவக் குளிரூட்டல் இல்லாததால் வெப்பமான நாடுகளில் அது விரைவில் தளர்ந்தது. கொழும்பிலிருந்து கல்முனைக்கு எந்த வழியில் வந்தாலும் 300 கிலோமீற்றருக்கு மேல். சரக்கெடுக்கக் கொழும்பு போய்வரும் வியாபாரிக்கு, வழியில் மூன்று இடங்களில் நிற்கவேண்டிய கார் எதற்கு? 2015 நவம்பர் வரவு செலவுத் திட்டம் வரியை உயர்த்தியதும் இறக்குமதி சரிந்தது.

ஊருக்குள் கணக்கே வேறு. சாய்ந்தமருதிலிருந்து கல்முனைச் சந்தைக்கோ, நிந்தவூரிலிருந்து சம்மாந்துறைக்கோ போய்வர மின் ஸ்கூட்டர் தாராளமாகப் போதும். அதற்கு வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கே மின்னேற்று நிலையம். 230 வோல்ட், 13 அம்பியர் இணைப்பு ஏறக்குறைய 3 கிலோவாட் தரும். ஸ்கூட்டருக்கு அது மிகை, காருக்கு ஓர் இரவு வேலை. நேர அடிப்படையிலான கட்டணத்தில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்புகிற வீட்டுக்கு வசதியான நேரந்தான். ஆனால் நெருக்கமான ஒழுங்கைகளில் வாகனம் நிற்பது மதிலுக்கு வெளியே. சுனாமிக்குப் பின் எழுந்த மாடிக் குடியிருப்புகளின் மேல்தளத்திலிருந்து கேபிளை எப்படி இறக்குவது? இக்கரைக்கு விரைவு மின்னேற்றியைவிட இந்தக் கேள்விக்கான விடைதான் அவசரம்.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டது. பெற்றோல் செட்டுகளில் நாட்கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் பங்கீடு. மின்வாகனக்காரர் தப்பினார் என்றும் சொல்ல முடியாது. அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கூரையில் சூரியத் தகடு பூட்டியவருக்கும் பகலில் கரண்ட் இல்லை: மின்வழியைத் திருத்தும் ஊழியருக்கு ஆபத்து நேராதிருக்க, வலையமைப்போடு இணைந்த இன்வேர்ட்டர் மின்வெட்டின்போது தானாகவே நின்றுவிடும். பற்றரி சேமிப்பு வைத்திருந்தவர் மட்டுமே விதிவிலக்கு.

அந்த நெருக்கடிக்குள்ளேயே ஒரு வாசல் திறந்தது. 2022 மே முதல் வங்கி வழியாகப் பணம் அனுப்பிய வெளிநாட்டுத் தொழிலாளருக்கு, அனுப்பிய தொகைக்கேற்ப மின்வாகனம் இறக்குமதி செய்ய அரசு அனுமதி வழங்கியது. சவூதி, கட்டார், குவைத் சம்பளத்தில் வீடு கட்டிப் பழகிய இக்கரைக்கு இது நேரடியாகப் பேசிய திட்டம். அனுமதிப் பத்திரங்கள் கைமாறுவதாக முறைப்பாடுகள் எழுந்து, பின்னர் அது நிறுத்தப்பட்டது.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபோது, பிவைடி போன்ற சீனக் கார்கள் முன்வரிசைக்கு வந்தன. 400 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் மாதிரிகளுக்குக் கொழும்புத் தூரம் பழைய தடையல்ல. புதிய தடை இணைப்பியில் இருக்கிறது. பழைய லீஃபுக்கு ஜப்பானின் சாடெமோ. ஏற்றுமதிக்கென்று செய்த புதிய கார்களுக்குப் பெரும்பாலும் சிசிஎஸ்2. சீன உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவற்றுக்கு ஜிபி/டி. ஏ4 வீதியில் விரைவு மின்னேற்றி வைப்பவர் குறைந்தது முதல் இரண்டையாவது பொருத்தவேண்டும்; உப்புக்காற்றில் துருப்பிடிக்காத பெட்டியும் வேண்டும்.